பொருள் எங்கே இருக்கிறது? ஆங்கில மரபுத்தொடர்கள் எழுப்பும் ஒரு பழைய கேள்வி

ஒரு தொடரில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும், அச்சொற்களை இணைக்கும் இலக்கணம் பிழையறக் கைவந்திருந்தும், அத்தொடர் சொல்லவந்த செய்தி மட்டும் எட்டாமல் போகும் நிலை, அயல்மொழி பயில்வோர் அனைவரும் அறிந்தது. ஆங்கிலம் பயில்பவர் ஒருவர் 'ஹி கிக்ட் த பக்கெட்' என்னும் தொடரைக் கேட்டால், 'அவன் வாளியை உதைத்தான்' என்று வழுவின்றிப் பொருள்கொள்ள அவரால் முடியும். ஆனால் அம்மொழிக்கு உரியவர்கள் அதனால் உணர்த்துவது, அவன் இறந்துபோனான் என்பதையே. இந்த இடர்ப்பாடு பெரும்பாலும் பயிற்சிக் குறைவாகவே கருதப்படுவதால், தொடர்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதோடு கற்பிப்போர் நின்றுவிடுகின்றனர். பட்டியலால் அந்தந்தத் தொடரின் பொருள் தெரியவருமே தவிர, அத்தொடர் எழுப்பும் கேள்வி தீர்வதில்லை. பொருள் சொல்லில் இருக்கிறதா, சொற்களின் கூட்டத்தில் இருக்கிறதா, சொல்பவரின் கருத்தில் இருக்கிறதா, அன்றி மனிதரையெல்லாம் கடந்த ஓர் ஆணையில் இருக்கிறதா என்னும் அக்கேள்வி, மீமாஞ்சகரும் நையாயிகரும் பௌத்தரும் நூற்றாண்டுகளாக வாதிட்ட சமயக் கேள்வியும் ஆகும்.

கேள்வியைத் தெளிவாக வைக்க, முதலில் மரபுத்தொடர் என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பெற முடியாத பொருளை, ஒரு மொழிச் சமூகத்தின் நெடிய வழக்கு காரணமாகத் தன்னிடத்தே கொண்ட சொற்கோவையே மரபுத்தொடர். 'கம்பி நீட்டினான்' என்றால் ஓடிப்போனான் என்றும், 'காது குத்தினான்' என்றால் நம்பும்படி பொய் சொன்னான் என்றும் தமிழர் உணர்வது இவ்வகையாலேதான். இத்தகைய தொடர்கள் மொழியின் ஓரத்தில் கிடக்கும் வேடிக்கைகள் அல்ல; அன்றாடப் பேச்சின் நடுவிலேயே அவை நிற்கின்றன. 'வை' என்று பொருள்படும் 'புட்' என்ற ஆங்கில வினை, 'ஆஃப்' என்பதோடு சேர்ந்து தள்ளிப்போடுதலையும், 'அவுட்' என்பதோடு சேர்ந்து தீயை அணைத்தலையும், 'டவுன்' என்பதோடு சேர்ந்து ஒருவரைத் தாழ்த்திப் பேசுதலையும், 'அப் வித்' என்பதோடு சேர்ந்து பொறுத்துக்கொள்ளுதலையும் குறிக்கிறது. தமிழில் 'போடு' என்னும் வினை கணக்கோடும் சண்டையோடும் வேடத்தோடும் சேரும்போது எடுக்கும் வடிவங்களை எண்ணிப் பார்த்தால், இவ்வியல்பு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று என்பது புலப்படும்.

மேலைநாட்டு மெய்யியலில், ஒரு தொடரின் பொருள் அதன் உறுப்புகளின் பொருளாலும் அவை கூடியுள்ள முறையாலும் அமைகிறது என்னும் கோட்பாடு, செருமானியத் தருக்கவியலாளர் கொட்லோப் பிரேகேயின் (1848–1925) பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இதுவரை எவரும் சொல்லாத ஒரு தொடரை ஒருவர் இன்று புதிதாகச் சொன்னாலும் மற்றவர் உடனே உணர்ந்துகொள்கிறார் என்றால், அறிந்த சொற்களையும் அறிந்த இலக்கணத்தையும் கொண்டே அவர் அதை உணர்கிறார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும் மரபுத்தொடர் இக்கோட்பாட்டுக்கு அடங்க மறுக்கிறது. வாளிக்கும் உதைத்தலுக்கும் எத்தனை நுட்பமாகப் பொருள் கூறினாலும் இறப்பு என்னும் பொருள் அவற்றிலிருந்து பிறப்பதில்லை.

இந்திய மரபில் இக்கேள்வி வேத வாக்கியத்தின் பொருளை உறுதிசெய்யும் தேவையிலிருந்து எழுந்தது. வேதம் விதிக்கும் கடமையைப் பிழையின்றிச் செய்ய வேண்டுமானால் அவ்விதி சொல்வது இன்னதென்று தெளிய வேண்டும்; அத்தெளிவுக்கு வாக்கியப் பொருள் எவ்வாறு அமைகிறது என்னும் ஆராய்ச்சி இன்றியமையாதது. சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தனித்தனியே உணர்த்திவிட, அப்பொருள்கள் பின்னர் ஒன்றோடொன்று இயைந்து வாக்கியப் பொருளாகின்றன என்பது குமாரில பட்டரைப் பின்பற்றும் மீமாஞ்சகர் கொள்கை. இதற்கு அபிகிதாந்வயம், அதாவது சொல்லப்பட்ட பொருள்களின் இயைபு, என்று பெயர். சொல் ஒருபோதும் தனித்த பொருளை உணர்த்துவதில்லை, பிற சொற்பொருளோடு இயைந்த பொருளையே உணர்த்துகிறது என்பது பிரபாகரரைப் பின்பற்றுவோர் கொள்கை. இதற்கு அந்விதாபிதானம், அதாவது இயைந்ததை உரைத்தல், என்று பெயர். இவ்விரு சாராருக்கும் முன்னரே, 5ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பர்த்ருஹரி, தம் 'வாக்கியபதீயம்' என்னும் நூலில், வாக்கியமே பகுக்கப்படாத ஒற்றை அலகு என்றும், சொல்லாகப் பிரிப்பது கற்பிக்கும் வசதிக்காக இலக்கணம் செய்துகொள்ளும் ஏற்பாடு என்றும் நிறுவியிருந்தார்.

வாளியை உதைக்கும் தொடரை இம்மூன்று கொள்கைகளின் முன்னும் வைத்துப் பார்த்தால், குமாரிலரின் வழி முதலிலேயே தடைப்படுகிறது. ஏனெனில் தனித்தனியே உணரப்பட்ட வாளியும் உதையும் எவ்வாறு இயைந்தாலும் வாளியை உதைத்தலாகவே முடியும். பிரபாகரரின் வழி சற்றுத் தொலைவு செல்கிறது. உதைத்தல் என்ற சொல் வாளியோடு இயையும்போது வேறொரு பொருள் தரும் என்று அவ்வழியில் சொல்ல இடமுண்டு. ஆனால் அத்தொடரைப் பேசும் ஆங்கிலேயர் மனத்தில் வாளியும் தோன்றுவதில்லை, உதையும் தோன்றுவதில்லை. இறப்பு என்ற ஒன்றே ஒருசேரத் தோன்றுகிறது. பகுப்பற்ற வாக்கியம் என்று பர்த்ருஹரி கூறிய நிலை இத்தொடரில் கண்கூடாகிறது. அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பவர் அம்மொழியைப் புதிதாகப் பயில்பவரே.

எல்லா மரபுத்தொடர்களும் இவ்வாறு பகுப்புக்கு இடங்கொடாதவை என்று கொள்வதும் தவறாகும். ஒரு சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருளைத் தருவதை வடமொழி நூலோர் இலக்கணை என்பர். 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த மம்மடர், தம் 'காவியப் பிரகாசம்' என்னும் நூலில் இலக்கணைக்கு மூன்று காரணங்களை வகுத்தார். நேர்ப்பொருள் தடைப்படுதல் முதலாவது. கொள்ளப்படும் பொருளுக்கும் நேர்ப்பொருளுக்கும் ஒரு தொடர்பு இருத்தல் இரண்டாவது. வழக்காறோ, வேறு சொல்லால் பெற முடியாத ஒரு பயனோ அமைந்திருத்தல் மூன்றாவது. 'கங்கையில் இடைச்சேரி' என்பது இதற்குக் காலங்காலமாகக் காட்டப்படும் சான்று. ஓடும் நீரின்மேல் ஊர் அமைய முடியாதாகலின் நேர்ப்பொருள் தடைப்படுகிறது. ஆற்றுக்கும் கரைக்கும் உள்ள அண்மையால் கரை என்னும் பொருள் கிடைக்கிறது. கங்கையின் தண்மையும் தூய்மையும் அச்சேரிக்கும் உண்டு என்னும் குறிப்பு அதனால் விளையும் பயன். வழக்காற்றால் வரும் இலக்கணைக்கு மம்மடர் காட்டுவது 'குசலன்' என்னும் சொல். குசைப்புல்லைக் கொய்பவன் என்ற உறுப்புப் பொருளிலிருந்து, கூரிய அப்புல்லைக் கை அறுபடாமல் கொய்வதற்கு வேண்டிய திறமையைத் தொடர்பாகக் கொண்டு, எத்தொழிலிலும் வல்லவனை அச்சொல் குறிக்கலாயிற்று.

இவ்வளவுகோல் ஆங்கிலத் தொடர்களுக்கும் பொருந்துகிறது. முன்பின் அறியாதவர்களுக்கிடையே இருக்கும் தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவதை ஆங்கிலேயர் 'பிரேக் தி ஐஸ்', அதாவது பனிக்கட்டியை உடைத்தல், என்பர். உறைந்த நீரில் கலம் செல்ல வேண்டுமானால் பனியை உடைத்தாக வேண்டும் என்று அறிந்தவருக்கு, உறைநிலைக்கும் தயக்கத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிடும். மறைபொருளை வெளியிட்டுவிடுதலைக் குறிக்கும் 'ஸ்பில் த பீன்ஸ்', அதாவது அவரை விதைகளைச் சிந்துதல், என்பதில் விதை மறைபொருளுக்கும் சிந்துதல் வெளியிடுதலுக்கும் ஈடாக நிற்பதைப் பொருள் தெரிந்த பின்னராவது பொருத்திக் காட்ட முடியும். நன்பர்க், சாக், வாசோ ஆகிய மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தது. விதைகள் சிந்தப்பட்டன என்று செயப்பாட்டுவினையாக மாற்றினாலும் மறைபொருள் வெளிப்பட்டது என்னும் பொருள் நிலைக்கிறது. வாளி உதைக்கப்பட்டது என்று மாற்றினாலோ இறப்பு மறைந்து வெறும் வாளியே எஞ்சுகிறது. 'கம்பி நீட்டினான்' என்பதைக் 'கம்பி நீட்டப்பட்டது' என்று மாற்றிப் பார்க்கும் தமிழர் இதே முடிவுக்கு வருவார்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மழை கொட்டுவதை, பூனைகளும் நாய்களும் பொழிகின்றன என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது, நேர்ப்பொருள் உலகில் நடவாததாகலின் கேட்பவர் உடனே வேறு பொருளைத் தேடுகிறார். வாளியை உதைத்தலோ நாள்தோறும் நடக்கக்கூடிய செயல். அதில் தடை எதுவும் தோன்றுவதில்லை. அவ்வாறாயின் வேறு பொருளைத் தேட வேண்டும் என்று கேட்பவருக்கு எது உணர்த்துகிறது? இதற்கு விடையாகவே பின்வந்த நையாயிகர், சொற்களின் இயைபு குலைவதன்று, சொல்பவரின் கருத்து நிறைவேறாமையே இலக்கணையின் வித்து என்றனர். 'காக்கைகளிடமிருந்து தயிரைக் காப்பாற்று' என்பது அவர்கள் காட்டும் சான்று. இதில் எச்சொல்லும் எச்சொல்லோடும் முரணவில்லை. ஆயினும் காக்கையை விரட்டிவிட்டுப் பூனையைத் தயிர் குடிக்க விடுபவன் அத்தொடரைப் புரிந்துகொண்டவன் ஆகான். தயிர் கெடக் கூடாது என்னும் கருத்தை அறிந்தவனுக்கே, காக்கை என்பது தயிரைக் கெடுக்கும் அனைத்துக்கும் நிற்பது தெரியும். ஆகவே பொருளுணர்வுக்குச் சொற்களை அறிவதோடு, பேசுபவர் எதை வேண்டி நிற்கிறார் என்று அறிவதும் தேவைப்படுகிறது; கேட்பவர் பேசுபவரின் வாழ்க்கைக்குள் சிறிதேனும் நுழைந்தாலன்றி இது கைகூடாது.

இனி, சொல்லையும் பொருளையும் பிணைப்பது யாருடைய அதிகாரம் என்னும் சமயக் கேள்விக்கு வரலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எவராலும் ஏற்படுத்தப்படாமல் இயல்பாகவே என்றும் உள்ளது என்பது மீமாஞ்சகர் நிலை. வேதத்தை இயற்றியவர் எவருமிலர் என்னும் அவர்களது நம்பிக்கைக்கு இதுவே அடித்தளம். இச்சொல்லால் இப்பொருள் உணரப்படுக என்னும் இறைவனின் சங்கற்பமே சொல்லின் ஆற்றல் என்பது நையாயிகரின் தொன்னிலை. சொல் எப்பொருளையும் நேரே தொடுவதில்லை, பிறவற்றை விலக்குவதன் வாயிலாகவே சுட்டுகிறது என்பது திக்நாகர் வகுத்த பௌத்த நிலை. இவற்றுள் நியாயக் கொள்கை சந்தித்த ஓர் இடர் பெரிதும் எண்ணத்தக்கது. நேற்றுப் பிறந்த குழந்தைக்குத் தந்தை இன்று இடும் பெயர் இறைவனின் சங்கற்பத்தில் எவ்வாறு அடங்கும் என்னும் கேள்விக்கு, பதினோராம் நாளில் தந்தை பெயரிடுக என்று சாத்திரம் விதித்திருப்பதால் அப்பெயரும் இறைவிருப்பத்துள் அடங்கும் என்று விடை கூறினர். ஆனால் மனிதர் தம்முள் புதிதாக ஏற்படுத்திக்கொள்ளும் குறியீடுகளுக்கு அவ்விடை செல்லாது. ஆகவே நவீன நையாயிகர், இறைவனது என்று வரையறுக்க வேண்டியதில்லை, விருப்பம் என்பதே போதும், அது மனிதருடையதாயினும் சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று கொண்டனர். இவ்விரு நிலைகளையும் 17ஆம் நூற்றாண்டினரான விசுவநாத பஞ்சானனர் தம் 'சித்தாந்த முக்தாவலி'யில் அடுத்தடுத்து எடுத்துரைக்கிறார்.

மரபுத்தொடரின் வரலாறு நவீன நையாயிகர் பக்கம் சாய்வதாகவே தோன்றுகிறது. வாளித் தொடர், பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இடம்பெற்றது. பூனையும் நாயும் பொழியும் தொடர், ஜொனாதன் சுவிஃப்ட் 1738இல் வெளியிட்ட உரையாடல் நூலில் இன்றுள்ள வடிவில் காணப்படுகிறது. காலத்தில் பிறந்த இவற்றை என்றும் உள்ளவை என்று கூற முடியாது. தலைகுப்புற விழுதலைக் குறிக்க முற்கால ஆங்கிலேயர் 'ஹீல்ஸ் ஓவர் ஹெட்', அதாவது தலைக்கு மேல் குதிகால், என்று பொருத்தமாகவே கூறினர். 18ஆம் நூற்றாண்டளவில் அது 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்', அதாவது குதிகாலுக்கு மேல் தலை, என்று புரண்டது. நேராக நிற்கும் எவருக்கும் தலை குதிகாலுக்கு மேல்தான் இருக்கும். எனினும் காதலில் தலைகால் தெரியாமல் விழுந்தவரை அத்தொடராலேயே ஆங்கிலேயர் இன்றும் குறிக்கின்றனர். சொல்லின் வடிவம் நேர்எதிராக மாறியும் பொருள் மாறாமல் நின்றது என்றால், பொருளைத் தாங்கி நின்றது சொல்லன்று, அச்சொல்லைத் தலைமுறைதோறும் கைமாற்றிய சமூகமே என்பது பெறப்படும்.

ஆனால் சமூகத்தின் விருப்பம் என்று சொல்லிவிடுவதால் சமயத்துக்கு அங்கே இடமில்லை என்று ஆகிவிடாது. ஒரு சமூகத்தின் வழிபாடும் சடங்கும் அதன் மரபுத்தொடர்களுள் படிந்து கிடக்கின்றன. பிறர் குற்றத்தைச் சுமக்கும்படி ஒருவர்மேல் பழி ஏற்றப்படும்போது அவரை ஆங்கிலேயர் 'ஸ்கேப்கோட்' என்பர். இச்சொல்லை ஆக்கியவர் விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல். மோசேயின் ஐந்து நூல்களை அவர் 1530இல் வெளியிட்டபோது, லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வரும் எபிரேயச் சொல்லுக்கு ஈடாக, தப்பிச் செல்லும் ஆடு என்னும் பொருளில் இதைப் படைத்தார். அவ்வதிகாரத்தின்படி பாவநிவாரண நாளில் இரு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். சீட்டுப்போட்டு ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமேல் தலைமைக் குரு இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு உயிரோடு அனுப்பிவிடுவார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைப் 'போக்காடு' என்று அழகுற வழங்குகிறது.

இன்றைய தமிழ் இதழ்களில் இதே கருத்துக்கு வழங்குவதோ 'பலிகடா' என்னும் சொல். உற்றுநோக்கினால், எபிரேயச் சடங்கில் பழியைச் சுமந்த ஆடு பலியிடப்படவில்லை. பலியிடப்பட்ட ஆடு அவ்வாறு பழி சுமக்கவில்லை. தமிழ்ச் சொல் அச்சடங்கைச் சாராமல், ஊர்த் தெய்வத்தின் முன் கடா வெட்டும் வழக்கத்தைச் சார்ந்து நிற்கிறது. ஆகவே 'ஸ்கேப்கோட்' என்பதும் 'பலிகடா' என்பதும் ஒரே பொருளைத் தந்தாலும், ஒன்றன் பின்னால் பாலைநிலத்தில் உயிரோடு அலையும் ஆடும், மற்றொன்றன் பின்னால் கோயில் வாசலில் மாலையோடு நிற்கும் கடாவும் இருக்கின்றன. அகராதி இரண்டையும் ஒரே வரியில் இணையாக எழுதிவிடலாம்; அவற்றின் பின்னுள்ள வழிபாடுகள் இணையல்ல.

இதினும் நெருங்கிய சான்று நீர் பற்றிய தொடர்களில் உண்டு. ஒரு செயலின் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதை ஆங்கிலேயர் 'கையைக் கழுவுதல்' என்று கூறுவது, இயேசுவைத் தண்டிக்கும்படி கூட்டம் கூச்சலிட்டபோது, உரோம ஆளுநர் பிலாத்து தண்ணீர் வருவித்து எல்லோர் முன்னும் கை கழுவிய நிகழ்ச்சியைச் சார்ந்தது. மத்தேயு நற்செய்தி இதைக் கூறுகிறது. ஒருவருடன் உறவை முற்றாக அறுத்துக்கொண்டதைத் தமிழர் 'தலை முழுகிவிட்டேன்' என்கின்றனர். இறந்தவரை வழியனுப்பிய பின் தலை முழுகித் தீட்டைப் போக்கிக்கொள்ளும் சடங்கே அதன் பின்புலம். உயிரோடு இருக்கும் ஒருவரை இறந்தாராக எண்ணிவிட்ட கடுமை அதனுள் ஒலிக்கிறது. இரண்டிலும் நீரே விடுதலை தருகிறது. ஆனால் கை கழுவியவர் தேடியது குற்றத்திலிருந்து விடுதலை, தலை முழுகியவர் தேடியது உறவிலிருந்து விடுதலை. தமிழ்த் தொடரைத் தமிழறியாத ஒருவருக்குச் சொல் சொல்லாகப் பெயர்த்துக் கூறினால், 'நான் குளித்துவிட்டேன்' என்பதே அவர் காதில் விழும். வாளித் தொடர் முன் தமிழ் மாணவர் திகைப்பதும், இத்தொடர் முன் அந்த அயலவர் திகைப்பதும் ஒரே தன்மையன.

சமய வழக்கும் மரபுத்தொடரும் மிக அணுக்கமாகக் கூடும் இடம் இறப்பு. வாளித் தொடரின் பொருள் இறத்தல் என்று அறிந்த மாணவர், அதைத் துயர் விசாரிக்கச் சென்ற வீட்டில் கூறினால் பெரும் பிழையாகும். தமிழில் 'மண்டையைப் போட்டார்' என்று அவ்விடத்தில் கூறுவது எத்தகையதோ அத்தகையதே அது. 'இறந்தார்' என்பதை நேரே கூறாமல் வேறு வாய்பாட்டால் கூறுதலை, நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். ஓர் ஊரின் இரங்கல் அறிவிப்புகளைப் படித்தால், ஒருவர் சிவலோகப் பதவி அடைகிறார், ஒருவர் வைகுண்டப் பதவி அடைகிறார், ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைகிறார், ஒருவர் மௌத்தாகிறார், தெய்வ நம்பிக்கை இல்லாத ஒருவர் இயற்கை எய்துகிறார். சுட்டப்படும் நிகழ்ச்சி ஒன்றே. ஆனால் இறப்புக்குப் பின் என்ன என்பது பற்றிய ஒவ்வொரு குடும்பத்தின் நம்பிக்கையும் அவ்வொற்றைத் தொடரிலேயே வெளிப்பட்டு நிற்கிறது. ஆகவே பொருள் என்பது சுட்டப்படும் நிகழ்ச்சி மட்டும் என்று கொள்பவர், இத்தொடர்கள் அனைத்துக்கும் ஒரே பொருள் எழுதி, அவை தாங்கி நிற்கும் வாழ்வின் பெரும்பகுதியை விட்டுவிடுவார். சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில் இருக்கிறது என்றும், பயன்பாடு ஒரு வாழ்க்கை முறைக்குள் வேர்கொண்டது என்றும், விட்கென்ஸ்டைன் மறைந்த பின் 1953இல் வெளிவந்த அவரது 'மெய்யியல் ஆய்வுகள்' வலியுறுத்துவது இத்தகைய இடங்களிலேயே முழுமையாக விளங்குகிறது.

அவ்வாறாயின் அவ்வாழ்க்கை முறைக்குள் பிறவாதவர் அம்மொழியின் மரபை அடைவது எங்ஙனம்? சொல்லின் ஆற்றலை அறிய எட்டு வழிகள் உண்டு என்று நியாய நூலோர் வகுத்தனர். இலக்கணம், ஒப்புமை, அகராதி, நம்பத்தக்கவரின் வாய்மொழி, மூத்தோர் வழக்கு, தொடரின் எஞ்சிய பகுதி, விளக்கவுரை, அறிந்த சொல்லின் அண்மை என்பன அவை. மரபுத்தொடரைப் பொறுத்தவரை இவற்றுள் இலக்கணம் முதலில் கைவிடுகிறது. ஒப்புமையோ கைவிடுவதோடு நில்லாமல் வழிதவறவும் செய்கிறது. 'புல் சம்ஒன்ஸ் லெக்', அதாவது ஒருவரின் காலை இழுத்தல், என்னும் ஆங்கிலத் தொடர் விளையாட்டாகக் கேலி செய்வதைக் குறிக்க, தமிழில் 'காலை வாருதல்' நம்பியவரைக் கவிழ்த்துவிடுவதைக் குறிக்கிறது. தமிழ்த் தொடரை மனத்தில் கொண்டு ஆங்கிலத் தொடரைக் கேட்பவர், நண்பரின் கேலியைத் துரோகமாக எண்ணக்கூடும். அகராதி பொருளைத் தருகிறது. ஆனால் எவரிடம், எப்போது, எந்தத் தொனியில் என்பதை அரிதாகவே தருகிறது. எஞ்சிய வழிகளுள் மூத்தோர் வழக்கே தலையாயது என்று மீமாஞ்சகரும் நையாயிகரும் ஒருமித்துக் கூறினர்.

அவ்வழியை அவர்கள் ஒரு சிறு காட்சியால் விளக்கினர். மூத்தவர் ஒருவர் 'பசுவைக் கொண்டுவா' என்கிறார்; இளையவர் பசுவைக் கொண்டுவருகிறார்; பேசத் தெரியாத குழந்தை இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னர் 'பசுவைக் கட்டு' என்றும் 'குதிரையைக் கொண்டுவா' என்றும் ஆணைகள் வர, எச்சொல் நீங்கியபோது எது நீங்கியது, எச்சொல் சேர்ந்தபோது எது சேர்ந்தது என்று ஒப்பிட்டுக் குழந்தை சொற்பொருளை அடைகிறது. இக்காட்சியில் குழந்தைக்கு எவரும் எதையும் கற்பிக்கவில்லை என்பதும், முதலில் அதற்குக் கிடைப்பது தனிச்சொல்லன்று, முழுத்தொடரும் அதனால் விளைந்த செயலுமே என்பதும் கருதத்தக்கன. மரபுத்தொடரைக் கற்க முனைபவர் இக்குழந்தையின் இடத்துக்கே திரும்பிச் செல்கிறார். கற்றறிந்த ஒருவர், பேசுவோர் நடுவே மீண்டும் பார்த்துக்கொண்டு இருப்பவராக அமர்வது எளிதன்று. ஆனால் இவர்கள் பொருளற்றதைப் பேசார் என்னும் நம்பிக்கையோடு அவ்வாறு அமர்வதே அவருக்குத் திறந்துள்ள வாயில். நம்பத்தக்கவரின் மொழியை அறிவுக்குரிய அளவைகளுள் ஒன்றாக இந்திய மெய்யியல் வைத்ததன் நியாயம் இங்கே நன்கு விளங்கும்.

இந்நம்பிக்கை, ஆராயாமல் ஏற்கும் மயக்கத்தினின்றும் வேறானது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியலில், சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்று கூறினார். காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. ஒரு பொருளை விளக்கச் சொன்ன பொருளுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையில்லை என்றும், உணர்த்தும் வழியறிந்து உணர்த்தினால் பொருள் திரியாது என்றும், உணர்வின் வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்றும் அவ்விடத்திலேயே தொடர்ந்து வரையறுத்தார். கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இவற்றைவிடச் சிறந்த அறிவுரை இல்லை. காரணம் தெரிந்த பின்னரே ஏற்பேன் என்பவருக்கு மொழியின் வாயில் திறவாது. ஏற்றபின் காரணத்தைத் தேடாதவருக்கு அதனுள் இருக்கும் வரலாறும் வழிபாடும் தெரியாமலே போகும். வாளித் தொடருக்குச் சொல்லப்படும் காரணங்கள் இன்றளவும் முடிவாகவில்லை. ஆயினும் அதைப் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே அதன் பொருள் ஒருநாளும் ஐயத்துக்கு உள்ளானதில்லை.

அயல்மொழியின் மரபு முன் திகைத்து நின்றவர் தம் மொழிக்குத் திரும்பும்போது, அங்கும் அதே நிலையைக் காண்கிறார். 'நாற்காலி' என்பது நான்கு கால்களை உடையது என்று பொருள்படும் காரணப்பெயர். ஆனால் கட்டிலுக்கும் மேசைக்கும் பசுவுக்கும் நான்கு கால்கள் இருந்தும் அவற்றை எவரும் நாற்காலி என்பதில்லை. காரணத்தால் பிறந்து வழக்கால் ஒன்றற்கே உரியதான இத்தகைய சொல்லை வடநூலோர் யோகரூடம் என்றனர். சேற்றில் பிறப்பன பலவாயினும் தாமரையை மட்டும் குறிக்கும் 'பங்கஜம்' அதற்கு அவர்கள் காட்டும் சான்று. ஒருவரைப் புகழ்ந்து காரியம் சாதிப்பதைத் தமிழர் 'ஐஸ் வைத்தல்' என்கின்றனர். அதன் முதற்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் எந்த ஆங்கிலேயருக்கும் அத்தொடர் விளங்காது. பனிக்கட்டியை உடைத்துத் தயக்கத்தைப் போக்கும் மக்களிடமிருந்து அச்சொல் புறப்பட்டு, பனிக்கட்டியை வைத்து மனத்தைக் குளிரச்செய்யும் மக்களிடம் வந்து சேர்ந்தபோது, அதன் பொருளை முடிவுசெய்யும் உரிமையும் அதனோடு கைமாறிவிட்டது.

ஆகவே மரபுத்தொடரில் காணப்படுவது விதிவிலக்கன்று. எல்லாச் சொல்லுக்கும் பொதுவான இயல்பே அங்கே மறைவின்றி வெளிப்படுகிறது. சொல் எந்தப் பொருளையும் தனியாக உடைமை கொண்டிருக்கவில்லை. முன்னர் வாழ்ந்தோர் ஒப்புவித்துச் சென்றதை இன்று பேசுவோர் காத்துவைத்து, அடுத்து வருவோர் கையில் கொடுக்கின்றனர். அவ்வொப்படைப்பே மரபு எனப்படுகிறது. இறைவனின் சங்கற்பம் என்று தொன்னையாயிகர் கூறியதும், என்றும் உள்ள உறவு என்று மீமாஞ்சகர் கூறியதும், தனியொரு மனிதர் நினைத்த அளவில் ஆக்கவோ அழிக்கவோ முடியாத இந்த ஒப்படைப்பின் பெருமையை உணர்ந்து கூறியவையாகவே கொள்ளத்தக்கன. நாள்தோறும் நாற்காலியில் அமரும் தமிழர் அதன் பெயரைச் சொல்லும்போது கால்களை எண்ணுவதில்லை. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் எண்ணிப் பார்த்து, மேசைக்கு ஏன் அப்பெயர் இல்லை என்று கேட்கிறார். அக்கேள்வி அறியாமையால் எழுந்ததுதான்; ஆயினும் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே மனிதர் நிற்கின்றனர் என்னும் உண்மை, மொழிக்குள்ளேயே பிறந்தவரின் கண்ணுக்குப் படுவது அக்கேள்வியைக் கேட்ட பின்னர்தான்.